மண்ணுக்குள் இருக்கும் சிங்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலே பார்த்தல் என்று ஒரு சொல் உண்டு. காணுதல் என்று இன்னொரு சொல் உண்டு. இரண்டுக்கும் கண்தான் கருவி. ஆனாலும் காணுதலோடுதான் நம்மவர்கள் அறிதலைச் சேர்த்து 'கண்டறிதல்' என்று ஒரே சொல்லாக்கி வைத்தார்கள். 'பார்த்தறிதல்' என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டைக் கைவிளக்காகக் கொண்டு, காட்டு விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இலக்கியத் தொடரில் சிங்கத்துக்கும் யானைக்கும் என்ன வேலை என்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். குறிஞ்சி நிலத்தைப் பாடிய நம் பழம் புலவர்கள் காதலைச் சொல்லும்போது யானையையும் புலியையும் பலமுறை சேர்த்தே பாடினார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

நான் தெரணியகலைப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கீழே றப்பர், மேலே தேயிலை, அதற்கும் மேலே சிவனொளிபாத மலையின் பெருங்காடு. மாலிபொடைப் பக்கமிருந்து சீதாவாக்கை ஆறு இறங்கி வரும். மழைக்கும் அட்டைக்கும் பெயர்போன ஊர். ஆபிரிக்காவுக்கும் எமக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது இலண்டனில் தொழில் செய்கிறார். குடும்பத்தோடு கென்யாவுக்குச் சுற்றுலா சென்றவர், மசாய் மாராவிலிருந்து தொலைபேசியில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். புல்வெளியில் ஒரு பெண் சிங்கம் படுத்திருக்கிறது. அதைச் சுற்றிலும் வாகனங்கள். கூரை திறந்த ஒவ்வொரு வாகனத்திலும் ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கமரா. "சேர், ஐந்தையும் பார்த்துவிட்டோம்" என்று கீழே எழுதியிருந்தார். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய 'பெரிய ஐந்து' என்பதையே அவர் குறிப்பிட்டார். அவருடைய மகிழ்ச்சி எனக்கும் மகிழ்ச்சியே. லயத்துப் பிள்ளை ஒருவன் தன் உழைப்பில் ஆபிரிக்கச் சிங்கத்தைக் காண்பது சிறிய காரியமா? ஆனால் அந்த 'ஐந்து' என்ற எண் என் மனத்தைக் குடைந்தது. அதை யார் எண்ணினார்கள்?

எண்ணியவர்கள் வேட்டைக்காரர்கள். கால்நடையாகச் சென்று கொல்வதற்கு மிகவும் ஆபத்தான விலங்குகள் எவை என்று துப்பாக்கி ஏந்தியவர்கள் போட்ட பட்டியல் அது. இன்று சுற்றுலாக்காரர்கள் கையில் கமரா இருக்கிறது. பட்டியல் மட்டும் மாறவில்லை. 'சபாரி' என்ற சொல்லுக்குச் சுவாகிலி மொழியில் பயணம் என்பதே பொருள். அதன் வேர் அறபு மொழி. 'முஸாபிர்' என்று பயணியைக் குறிப்பிடும் எமது முஸ்லிம் சகோதரர்களுக்கு இந்த வேர் புதியதல்ல. ஒட்டகத்தோடும் சுமையோடும் நடந்த அந்தப் பயணத்தை வேட்டைப் பயணம் என்று ஆக்கியவர்கள் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909இல் கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சென்ற தியடோர் ரூஸ்வெல்ட்டும் அவருடைய மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அவை நூதனசாலைக்காகச் சேகரிக்கப்பட்டவை என்று சொல்லப்பட்டது. அந்தப் பயணத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆபிரிக்கச் சுமைகாரர்கள் கூடாரங்களையும் பெட்டிகளையும் தலையில் தூக்கி நடந்தார்கள். சுட்டவரின் பெயரை உலகம் அறியும். சுமந்தவர்களின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

சுமந்தவர்களைப் பற்றிப் பேசும்போது தோட்டத்தில் பிறந்தவனுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. ஏனென்றால் அந்த வேட்டை மரபு ஆபிரிக்காவில் வேர்கொள்வதற்கு முன்னரே எமது மலைநாட்டில் ஒரு பயிற்சிக் களம் நடந்தது. நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், அதற்கு முன் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் பண்ணை அமைத்து வாழ்ந்தவர். இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி 1854இல் ஒரு நூலே வெளியிட்டவர். அவருக்கும் முந்தியவர் மேஜர் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த இந்த ஒரே மனிதர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று எமர்சன் டெனன்ட் பதிந்திருக்கிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். யானைச் சாபம் என்று ஊர் பேசிக்கொண்டது.

வேட்டை சிலரின் பொழுதுபோக்காக மட்டும் இருந்துவிடவில்லை. யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் அழிக்கப்பட்டன என்று அதே டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலில் எழுதுகிறார். கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்ட காலமும் அதுவே. காட்டை வெட்டியவர்கள் யார் என்று நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி மாத்தளை வரை நூறு மைலுக்கும் அதிகமான காட்டுவழியை நடந்தே கடந்தவர்கள் எமது முன்னோர்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, முன்னால் கங்காணி. இரவில் தீ மூட்டி, யானையும் சிறுத்தையும் வரும் என்று விழித்திருந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். சபாரி என்பதற்குப் பயணம் என்றே பொருள் கொண்டால், அதைப்போல ஒரு சபாரி எது? அவர்களும் காட்டு விலங்குகளைக் கண்டார்கள். கண்டதை எழுதிவைக்கத்தான் அவர்களிடம் எழுத்து இருக்கவில்லை.

இதே கதையின் இன்னொரு கிளை ஆபிரிக்காவிலும் உண்டு. கென்யாவில் மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு இரயில் பாதை போடுவதற்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பகுதியிலிருந்து, ஆயிரமாயிரம் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். 1898இல் சாவோ என்னும் இடத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டும்போது பிடரியில்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்காக இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்றன. வேலை நின்றது. மேற்பார்வையாளரான பற்றர்சன் அவற்றை டிசம்பரில் சுட்டு வீழ்த்தினார். மாண்டவர்கள் 135 பேர் என்று அவர் பின்னர் எழுதினார். சிங்கங்களின் உரோமத்தையும் எலும்பையும் ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தின்னப்பட்டவர்கள் ஏறத்தாழ 35 பேராக இருக்கலாம் என்கிறது. இன்று அந்த இரண்டு சிங்கங்களும் சிக்காகோ நூதனசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. பார்க்கச் செல்வோர் ஏராளம். சிங்கத்தைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கூலிகளைக் காண்கிறார்கள் என்பதே என்னுடைய கேள்வி.

நேயர்களே, ஆபிரிக்காவை விட்டு இனி என் ஊருக்கு வருகிறேன். ஆச்சரியம் என்னவென்றால், அங்கும் சிங்கம்தான் காத்திருக்கிறது.

சபரகமுவை மாணிக்கக் கல்லுக்குப் பெயர்போன மண். வயலிலும் ஆற்றோரத்திலும் குழி தோண்டி, பக்கச் சுவர் சரியாதபடி மரக்கம்பும் பன்னை இலையும் வைத்துக் கட்டி, அடியிலுள்ள சரளைப் படையை எடுத்துக் கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவுவார்கள். கல் இருக்கும் அந்தச் சரளைப் படைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். தமிழ்க் காதில் அது 'இல்லம்' என்றே விழுகிறது. அந்த இல்லத்தில் குடியிருந்தவர்கள் யார் என்று நீங்கள் கேட்டால் வியந்துபோவீர்கள். கழுவும்போது சில வேளைகளில் கருத்துக் கனத்த எலும்பும் பல்லும் கிடைக்கும். கல்லைத் தேடியவர்களுக்கு அவை குப்பை. அந்தக் குப்பையைப் பொக்கிஷம் என்று கண்டவர், எமது ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டிருந்த ஓர் அறிஞர்: போல் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. 1900இல் பிறந்து 1973இல் மறைந்தவர். 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர்.

இரத்தினபுரிப் பகுதிக் குழிகளில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு இந்த மண்ணில் நீர்யானை வாழ்ந்தது என்று அவர் காட்டினார். காண்டாமிருகம் வாழ்ந்தது என்று காட்டினார். குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இங்கே சிங்கமும் வாழ்ந்தது என்று 1939இல் அறிவித்து, அந்தச் சிங்கத்துக்கு இந்தத் தீவின் பெயரையே சூட்டினார். நாம் அறிந்த இலங்கைச் சிங்கம் கொடியிலும் கல்வாயிலிலும் நிற்பது. உயிரோடு நடமாடிய இலங்கைச் சிங்கத்துக்கு இருக்கும் சாட்சி அந்தப் பற்கள்தான். ஏறத்தாழ 39,000 ஆண்டுகளுக்கு முன்னரே அது மறைந்திருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது.

கதை அதோடு முடியவில்லை. 1962இல் இரத்தினபுரிக்கு அருகே கிடைத்த ஒரு கடைவாய்ப் பல்லையும், குருவிட்டையிலுள்ள பட்டதொம்ப குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பையும் ஆராய்ந்த இலங்கை அறிஞர்கள், அவை புலியினுடையவை என்று 2005இல் நிறுவினார்கள். சிறுத்தையை அல்ல, வங்காளத்திலும் சத்தியமங்கலத்திலும் திரிகின்ற வரிப்புலியையே சொல்கிறேன். அந்த விரல் எலும்புக்கு வயது சுமார் 16,500 ஆண்டுகள்.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும் என்று தோன்றுகிறது. சிங்கம் என்றும் புலி என்றும் பெயர் சொல்லி இந்தத் தீவிலே எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை நாமெல்லோரும் அறிவோம். இரண்டு விலங்கையும் நாம் சீலையில் எழுதிப் பார்த்தோம். நிசமான சிங்கத்தின் பல்லும் நிசமான புலியின் எலும்பும் ஒரே குருவிட்டை மண்ணிலே, மாணிக்கக் கல்லுக்குப் பக்கத்திலே, எந்தக் கொடியும் தெரியாமல் கிடந்தன. இதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இரத்தினபுரியில் எஹெலப்பொல வளவு என்னும் பழைய மாளிகையில் தேசிய நூதனசாலை 1988 முதல் இயங்கி வருகிறது. குழிகளில் கிடைத்த புதைபடிவங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். மறைந்துபோன விலங்குகளின் உருவங்களையும் வளவில் அமைத்திருக்கிறார்கள். ஒருமுறை என் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். நீர்யானையின் உருவத்துக்கு முன்னால் ஒரு சிறுமி நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "சேர், இதெல்லாம் இங்கனயே இருந்துச்சின்னா, எங்க சேர் போச்சு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பையன், "செத்துப் போச்சுடி" என்றான். அவள் விடவில்லை. "எல்லாமேவா?" என்றாள்.

அந்த 'எல்லாமேவா' என்ற கேள்விக்கு அன்று நான் கொடுத்த விடையை இங்கே சொல்லிவிடுகிறேன். சிங்கம் திறந்த புல்வெளியை விரும்பும் விலங்கு. காலநிலை மாறி, மழை பெருகி, புல்வெளி அடர்ந்த காடாக மாறியபோது சிங்கத்துக்கு இங்கே இடமில்லாமல் போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அதாவது காடு வந்ததால் சிங்கம் போயிற்று. யானையின் கதை நேர்மாறானது. காடு போனதால் யானை போயிற்று. முதலாவதைச் செய்தது காலம். இரண்டாவதைச் செய்தது மனிதன். துரை சொல்ல, எமது பாட்டன்மார் கத்தி பிடிக்க, அது நடந்தது. பாட்டன்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பட்டினிக்குப் பயந்து கடல் கடந்தவன் எந்த மரத்தை வெட்டமாட்டேன் என்று சொல்ல முடியும்? ஆனால் நடந்தது இன்னதென்று அறியாமலே அந்த மண்ணில் வாழ்வது பேரப்பிள்ளைகளுக்கு அழகல்ல.

எல்லாமே போய்விடவில்லை என்பதும் உண்மை. சிவனொளிபாத மலைக் காட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய யானைகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஈரவலயத்தின் கடைசி யானைகளில் அவையும் சில. தெரணியகலைப் பக்கத்துக் கிராமங்களுக்குள் யானை இறங்கிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்ததுண்டு. வாழையை முறித்துவிட்டுப் போகும் அந்த ஒற்றை யானை, தன் இனத்தின் பழைய வழியைத் தேடி வருகிறதா, வெறும் பசியில் வருகிறதா என்று யாருக்குத் தெரியும்?

யானையைக் கூட்டமாகக் காணவேண்டுமென்றால் எமது மாகாணத்தின் தெற்கு எல்லைக்குப் போகவேண்டும். உடவளவை நீர்த்தேக்கத்தைச் சூழ 1972இல் பிரகடனம் செய்யப்பட்ட தேசிய பூங்கா, 30,821 ஹெக்டேயர் பரப்புடையது. அந்த மாணவர்களையே ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டி வழியாக அங்கும் சென்றேன். ஜீப் வாடகைக்கு நாங்கள் பல மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் சரியாக இருந்தது. உள்ளே போய் அரை மணித்தியாலத்தில் புல்வெளியில் ஒரு குடும்பம் தென்பட்டது. குட்டி ஒன்று தாயின் கால்களுக்கு நடுவே நின்று தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுழற்றிக்கொண்டிருந்தது. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள் ஒருவரும் சத்தம் போடவில்லை. எங்களுக்குப் பின்னால் வேறு நான்கு ஜீப்புகள் வந்து சேர்ந்ததும் தாய் குட்டியை மறைத்துக்கொண்டு புதருக்குள் திரும்பியது. யாலையில் சிறுத்தை தென்பட்டதாகச் சாரதிகளுக்குள் செய்தி பரவினால், புழுதி பறக்க ஜீப்புகள் ஓடி அந்த ஒரு மரத்தடியை அடைத்துவிடும் என்பதைச் சென்றவர்கள் அறிவார்கள். மசாய் மாராவில் நடப்பதும் அதுவே.

உடவளவையில் இன்னொரு காட்சியும் உண்டு. பூங்காவின் எல்லையோரமாகப் போகும் தெருவில் மின்வேலிக்கு உட்புறம் யானைகள் வரிசையாக வந்து நிற்கும். வழிப்போக்கர்கள் பழம் எறிவார்கள். அதற்காகவே காத்து நிற்கின்றன. 'ரம்போ' என்று பெயர் வாங்கிய ஓர் ஆண் யானை இப்படியே பிரசித்தமானது. ஒரு காட்டு யானையைப் பிச்சைக்காரனாக்குவதற்குத் துப்பாக்கி தேவையில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் போதும் என்பதை அங்கேதான் விளங்கிக்கொள்ளலாம். அதே ஊரில் 1995 முதல் வனஜீவராசிகள் திணைக்களம் நடத்திவரும் யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலூட்டி, வளர்ந்ததும் காட்டுக்கே விடுகிறார்கள். மனிதருக்குப் பழகிவிடக்கூடாது என்பதற்காகப் பார்வையாளர்கள் தூரத்திலேயே நிறுத்தப்படுகிறார்கள். தொடமுடியவில்லையே என்று பிள்ளைகள் முதலில் குறைப்பட்டார்கள். காரணம் சொன்னதும் விளங்கிக்கொண்டார்கள்.

இந்த நிலையத்தோடு தொடர்புடைய ஒரு துயரச் செய்தியை மலையகத்தார் மறந்திருக்கமாட்டார்கள். 2020 மே மாதம், எங்கள் மலைக்கு மறுபக்கத்திலுள்ள நல்லதண்ணிப் பகுதியில், தோட்டத்து மரக்கறிப் பாத்தி ஒன்றின் அருகே, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு சிறுத்தை சிக்கியது. சாதாரணச் சிறுத்தை அல்ல. மிக அரிதான கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தார்கள். கழுத்துக் காயம் ஆறவில்லை. மூன்று நாளில், மே 29ஆம் திகதி, அது இறந்தது. அதே போன்ற விலங்கை ஒருமுறை பார்ப்பதற்காக உலகத்தின் மறுமுனையிலிருந்து பணம் செலவழித்து வருகிறார்கள். அது எமது லயத்துக்குப் பின்னால் கம்பியில் தொங்கியது.

அன்று எல்லோரும் லயத்து மக்களைத் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இல்லாமலில்லை. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம், சுருக்குக்குக் கண் தெரியாது. ஆயினும் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மாலையில் திரும்பி, இரண்டு பாத்தி லீக்ஸ் போட்டுப் பிழைக்கிறவரின் பயிரை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால் அவருக்கு யார் வழி சொன்னார்கள்? பார்க்க வருகிறவருக்குச் சிறுத்தை ஒரு படம். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு அது செடிக்கு அடியில் குட்டி போட்டுப் படுத்திருக்கக்கூடிய பயம். இரண்டு பேரும் ஒரே விலங்கைத்தான் சொல்கிறார்கள். தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் தானியங்கிக் கமரா வைத்து ஆராய்கிறவர்கள், சிறுத்தைகள் தேயிலைக்குள்ளும் அதன் ஓரங்களிலும் நடமாடி எம்மோடுதான் வாழ்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்யாமலே இதை அறிந்தவள் என் அப்பாயி. அவள் இரவில் அதன் பெயரைச் சொல்லமாட்டாள். 'மேல்மலைக்காரன்' என்பாள். "மேல்மலைக்காரன் எறங்குற வழியில கொட்டில் போடாத" என்று அப்பாவைத் தடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பயமும் மரியாதையும் ஒரே சொல்லில் இருந்தன. சிறுத்தை எந்த வழியால் இறங்கும், எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும், எந்த மாதத்தில் குட்டியோடு திரியும் என்று அவளுக்குத் தெரியும். ஜீப்பில் ஏறாமலே கண்டறிந்தவள் அவள்.

கண்டறிவதற்குப் பொறுமை வேண்டும் என்பதற்கு எமது காடுகளிலேயே ஒரு சான்று உண்டு. கித்துல்கலைக் காட்டில் 1995இல் தீபால் வாரக்காகொட என்னும் பறவையியலாளர் இரவில் ஒரு புதிய குரலைக் கேட்டார். எந்தப் பறவை என்று தெரியவில்லை. குரலுக்குரிய பறவையை அவர் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜக் காட்டில். உலகம் அதுவரை அறியாத ஒரு சிறிய ஆந்தை அது. 2004இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டது. ஒரு குரலின் பின்னால் ஆறு ஆண்டுகள்! மூன்று நாளில் ஐந்தைப் பார்த்து முடிக்கிறவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டிய கணக்கு இது.

காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதும் இன்னொரு கணக்கு. கென்யாவில் 2018 மார்ச் 19ஆம் திகதி 'சூடான்' என்ற காண்டாமிருகம் இறந்தது. வடபகுதி வெண் காண்டாமிருகத்தில் உலகின் கடைசி ஆண் அது. மிஞ்சியவை அதன் மகளும் பேத்தியும் மட்டுமே. சபரகமுவையின் காண்டாமிருகம் எப்போது, யாருடைய கண்ணுக்கு முன்னால் கடைசி மூச்சை விட்டதோ அறியோம். பல் மட்டும் இருக்கிறது. ஆசியாவின் சிங்கம் இன்று குஜராத்தின் கிர் பகுதியில் மாத்திரம் வாழ்கிறது. ஒரு காலத்தில் மிகவும் அருகிவிட்ட அந்த இனம், காப்பாற்றப்பட்டதனால் 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 ஆகப் பெருகியிருக்கிறது. எனவே போவதெல்லாம் போகத்தான் வேண்டும் என்ற விதியும் இல்லை. எமது நாட்டிலோ 2023 என்ற ஒரே ஆண்டில் 450க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். இரு பக்கத்திலும் இறந்தவை ஏழைகள்தான்.

இலக்கிய நேயர்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். ஊர்ப்பெயர்களில் விலங்குகள் வாழ்கின்றன. யானையே இல்லாத யாழ்ப்பாணத்தின் வாசலில் ஆனையிறவு இருக்கிறது. பொகவந்தலாவையில் கொட்டியாகலை இருக்கிறது. சிறுத்தைப் பாறை என்று பொருள். தோட்டங்களில் மலைக்கு மலை, ஓடைக்கு ஓடை எமது பாட்டிமார் வைத்த பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. மலையக இலக்கியம் எமது மக்களின் உழைப்பையும் கண்ணீரையும் நிறைவாக எழுதியிருக்கிறது. அவர்கள் கண்ட காட்டையும் விலங்கையும் நான் வாசித்த அளவில் போதிய அளவு எழுதவில்லை. கொழுந்து மலையில் முப்பது நாற்பது வருடம் நின்ற பெண்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், கேட்பதற்கு ஆளில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். எந்த வருடம், எந்த மலையில், எந்த விலங்கைக் கண்டார்கள், அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சரளையைக் கழுவியவர்கள் தூக்கி எறிந்த பல்லை ஒருவர் குனிந்து எடுத்ததனால்தான் எமது மண்ணில் சிங்கம் இருந்தது நமக்குத் தெரியும். இந்தப் பாட்டிமாரின் சொற்களையும் குனிந்து எடுக்க யாராவது வேண்டும்.